பின்சீட்டில் ஒரு டிரைவர்

சின்னவள் கையில் கத்தரிக்கோலும் கண்ணில் தண்ணீருமாக நின்றதோடு போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். அண்ணனை நினைத்து அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டாள். தையல் கத்தரிக்கோல் மட்டும் இன்னும் கையில் இருக்கிறது. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்றே பேர். புருஷன், பெண்டாட்டி, புருஷனின் தங்கையான இந்தச் சின்னவள். புருஷன் பஸ் டிரைவர். மூன்று மாதத்துக்கு முன்னால், டிப்போவில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அவருக்கு வலிப்பு வந்தது. பஸ்ஸில் யாரும் இல்லை. ஸ்டீயரிங்கில் முகம் இடித்துப் பல் ஒன்று போனதோடு சரி. ஆனால் இனி வண்டி ஓட்டவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

டிப்போவில் ஒரு நாற்காலி வேலை காலியாக இருக்கிறது. எந்த பஸ் வந்தது, எது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் சொல்கிற வேலை. மறுபடி ஒன்றும் வரவில்லை என்று டிப்போ டாக்டருக்குத் திருப்தியானால் அந்த நாற்காலி இவருக்கு. இல்லையென்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அந்த டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் இன்றைக்குத்தான்.

பஸ்ஸில் போய் இறங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அவர் பெண்டாட்டியும் அதைத்தான் கேட்டாள். எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிரைவரும் கண்டக்டரும் தெரிந்தவர்கள். "இப்ப உடம்பு எப்படிண்ணே?" என்று யாராவது பரிவாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனிதர் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். ஆகவே பெண்டாட்டியின் மோட்டார் சைக்கிளில், பின்சீட்டில் போவதென்று முடிவாயிற்று.

பெண்டாட்டிக்குக் கடைத்தெருவில் தராசுக்காரி என்று பெயர். கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைச் சரிபார்த்து, கெட்டுப்போனால் பழுதுபார்த்துத் தருகிறவள். அவள் வண்டியின் இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள். அதற்குள் சோதனைக்கான இரும்பு எடைக்கற்கள். சீட்டுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. அதில் ஒயரும் திருகாணியும் உதிரிப் பாகங்களும். வண்டி முழுக்க வேலைக்கு என்று அமைந்தது. டாக்டரைப் பார்த்த கையோடு கடைகளுக்குப் போக வேண்டியிருந்ததால் பெட்டிகளைக் கழற்றி வைக்கவும் முடியாது. மனுஷன் உட்காருவதற்கு என்று அதில் யாரும் இடம் யோசித்து வைக்கவில்லை.

போன வாரம் ஒத்திகைக்காகத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பியதில் டிரைவரின் கெண்டைக்காலில் இரண்டு பக்கமும் தோல் உரிந்திருந்தது. பக்கப் பெட்டிகள் இடித்ததால் முழங்கால் அகன்று, இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்பெட்டி பாதி சீட்டை அடைத்துக்கொண்டதில் மீதி இடத்தில் தொற்றிக்கொண்டு வந்தார். "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அப்படியே நேராக அறைக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

இன்று காலை வாசலில் வண்டியை நிறுத்தி, மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

"பக்கப் பெட்டியை ரெண்டையும் பின்னால தள்ளி, கீழ இறக்கிப் பூட்டிட்டேன். இப்ப கால் வச்சுப் பாருங்க" என்றாள் தராசுக்காரி.

டிரைவர் கால் வைத்துப் பார்த்தார். இடிக்கவில்லை.

"பின்பெட்டி?"

"அதையும் தள்ளியாச்சு."

"எல்லாத்தையும் பின்னால தள்ளிட்டா முன்சக்கரம் லேசாயிடும். வேகத்துல ஹேண்டில் ஆடும்" என்றார். வண்டியைத் தொடக்கூடாது என்றுதானே சொன்னார்கள், வண்டியைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"அதுக்குத்தான் பெரிய கல்லையெல்லாம் எடுத்து டேங்க் மேல பையில வச்சிருக்கேன்."

"உன் வயித்துல இடிக்குமே."

"என் வயிறு என் பாடு."

பக்கப் பெட்டி இரண்டையும் அவள் தன் எடை மெஷினிலேயே வைத்துப் பார்த்துச் சமமாக்கியிருந்தாள். இடது பக்கம் ஒரு சின்னக் கல் கூடுதலாக இருந்ததை வலதுக்கு மாற்றினாள். இந்த மாதிரி வேலையில் அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கட்டிலில் தலையணையைக்கூட நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

"நீங்களும் மெஷின்ல ஏறி நில்லுங்க. பின்னால ஷாக் அப்சார்பரை உங்க எடைக்குத் தகுந்த மாதிரி திருகணும்."

அவர் ஏறி நின்றார். எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். அதே எண்தான் வந்தது. மனிதர் பாதியாகியிருந்தார். தினம் கூடவே இருந்ததில் கண்ணுக்குத் தெரியவில்லை.

"என்ன, மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டார் டிரைவர்.

"ஆமா, கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்றாள். தன் மெஷினைப் பற்றி அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. குனிந்து ஸ்பிரிங்கைத் தளர்த்துகிற சாக்கில் கொஞ்ச நேரம் நிமிராமலே இருந்தாள்.

அடுத்தது சின்னவளின் முறை. சீட் கவர் தைக்கும் கடையில் வேலை பார்க்கிறவள் சும்மா இருப்பாளா? பின்பெட்டியின் முன்பக்கத்தில், அண்ணன் சாய்ந்துகொள்வதற்காக நல்ல தடித்த நுரை வைத்து, ரெக்சின் போட்டு, ஒரு முதுகுத் திண்டு தைத்து மாட்டியிருந்தாள். கூடவே ஒரு பையும். மடியில் வைத்துக்கொள்ள. ஆஸ்பத்திரிக் காகிதங்கள், மாத்திரை, டிபன் டப்பா எல்லாம் அதில் அடங்கும். பையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அகலமான வார் இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய், திண்டுக்குப் பின்னே பெட்டிக் கம்பியில் கொக்கியோடு மாட்டிக்கொள்ளும்.

"பை நழுவாம இருக்குறதுக்குண்ணா" என்றாள் சின்னவள், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

"வார் ரொம்பத் தடிமனா இருக்கே?"

"கடையில மெல்லிசு தீந்துபோச்சுண்ணா."

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. வலிப்பு வந்து கை விட்டுப்போனால் மனிதர் ரோட்டில் விழக்கூடாது என்பதற்காகத் தைத்த வார் அது. போன வாரம் இருவரும் அடுக்களையில் குசுகுசுவென்று பேசி முடிவு செய்தார்கள். அவரிடம் சொன்னால் வண்டியிலேயே ஏற மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அதனால் பை என்று சொன்னார்கள்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து சாய்ந்தார். "அடேயப்பா, என் பஸ் சீட்டு தோத்துது போ" என்றார். சின்னவள் பின்னால் போய்க் கொக்கியை மாட்டினாள். டக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் தராசுக்காரி முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. உண்மையிலேயே சுகமாக இருந்தது அவருக்கு. கால் இடிக்கவில்லை, முதுகு வலிக்கவில்லை. அவளுக்குத்தான் ஒன்றும் சுகமில்லை. அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டு போவதா என்று ஒரு வீம்பு. ஆகவே அவர் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். தோள் மட்டும் தெரிந்தது. ரோட்டைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்னங்க?"

"ம்."

அடுத்த தெரு வந்தது.

"என்னங்க?"

"இருக்கேன்மா, எங்கயும் போகல."

மூன்றாவது தடவை கேட்டால் கோபம் வரும் என்று கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். கொக்கி இருக்கிறது, கொக்கி இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. எல்லோரும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தராசுக்காரியும் அணைத்துவிட்டு இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். கேட் அடைத்தால் டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். இறங்கிப் போய் டயரை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். இத்தனை வருஷமாக அவர் கால் அப்படித்தான் பழகியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் இடது பக்கமாக இறங்கினார்.

இறங்க முடியவில்லை. வார் இடுப்பைப் பிடித்து இழுத்தது. இழுத்த இழுப்பில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பெட்டிக்குள் கற்கள் மடமடவென்று உருண்டு ஒரு பக்கமாகச் சேர்ந்தன. தராசுக்காரி ஹேண்டிலை முட்டுக்கொடுத்துப் பிடித்தாள். கால் வழுக்கியது. டேங்கில் இருந்த கற்கள் வயிற்றை அழுத்தின. பக்கத்தில் சைக்கிளோடு நின்றிருந்த ஒருவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து வண்டியைத் தாங்கியிராவிட்டால் இரண்டு பேரும் நசுங்கியிருப்பார்கள்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டு, அவள் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள்காரரும் போய்விட்டார். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக வந்து நின்றாள். தள்ளும்போதும் அவர் கட்டப்பட்டபடியேதான், சீட்டில் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டு வந்தார்.

"இதைக் கழட்டு."

அவள் பின்னால் போய்க் கொக்கியைக் கழற்றினாள். அவர் இறங்கி, திண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கொக்கி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். கையைப் பின்னால் கொண்டுபோய் எட்டுகிறதா என்றும் பார்த்தார். எட்டவில்லை.

"பை நழுவக்கூடாதுன்னா, நான் நழுவக்கூடாதுன்னா?"

அவள் வாரை அவர் இடுப்பிலிருந்து உருவினாள்.

"மூட்டை மாதிரி கட்டிட்டீங்க ரெண்டு பேரும். அதுவும் எனக்குக் கை எட்டாத இடத்துல."

"விழுந்துட்டீங்கன்னா என்னங்க பண்றது? அந்தப் பயத்துலதான்..."

"சரி. வண்டி சாஞ்சா? நீ காலைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போய் விழுவ. சிராய்ப்போட போயிடும். நான்? பெட்டி, கல்லு, வண்டி எல்லாத்தோடயும் சேர்ந்து ரோட்ல தேஞ்சுக்கிட்டே போவேன். என்னையப் பிரிக்கவே முடியாது. இதையா யோசிச்சீங்க?"

அவள் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை, யோசிக்கவில்லை. ஒரு சின்னக் கல் கூடுதலாக இருப்பதைக்கூட மாற்றி வைக்கத் தெரிந்தவள், வலிப்பையே நினைத்து நினைத்து, வண்டி சாயும் என்பதை அடியோடு மறந்துபோனாள். கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சின்னவள்தான். தராசுக்காரி எடுப்பதற்குள் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"அண்ணி, கொக்கி பிடிச்சிருக்கா?" என்றது அந்தப் பக்கம், மூச்சு விடாமல்.

"நல்லாப் பிடிச்சிருக்கு. உன் தையலை மெச்சணும். பிரிக்கத்தான் ஆள் தேவைப்படுது."

சின்னவள் "அண்ணா..." என்று இழுப்பதற்குள் "அப்புறம் பேசிக்கலாம், வை" என்று வைத்துவிட்டார். ஆனால் அவர் முகத்தில் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. தங்கையிடம் கத்துகிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது.

"உனக்கு அவ்வளவு பயமா?" என்று கேட்டார்.

"பயமாவா? நான் ரோட்டையே பாக்கலங்க. வீட்ல இருந்து இதுவரைக்கும் கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். பின்னால நீங்க முழிச்சிருக்கீங்களா, சாஞ்சிருக்கீங்களா, இருக்கீங்களா இல்லையா, ஒண்ணுமே தெரியல. கேட்டா உங்களுக்குக் கோவம் வருது. கேக்கலைன்னா எனக்கு உசுரு போகுது." சொல்லிவிட்டு முந்தானைக்குப் பதில் கையுறையால் முகத்தைத் துடைத்தாள். கிரீஸ் கன்னத்தில் ஏறியது.

அவர் அவள் கையிலிருந்து பையை வாங்கினார். பிறகு பையிலிருந்த டப்பாவையும் காகிதங்களையும் எடுத்துப் பின்பெட்டிக்குள் வைத்தார். வாரைச் சுருட்டி அதற்கு மேலே வைத்து மூடினார். பெட்டிகளைத் திறந்து உருண்ட கற்களை அவள் மறுபடி அடுக்கி, இடையில் கந்தல் துணியை அடைத்தாள்.

"பஸ்ல என் முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு எனக்கு எப்பவாச்சும் தெரியுமா? கூட்டத்துல ஒண்ணும் தெரியாது. கண்டக்டர் விசில்தான். ஒரு விசில்னா நிறுத்தணும். ரெண்டு விசில்னா போகணும். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்."

"அதுக்கு?"

"உன் தோள்ல கை வச்சுக்கிறேன். ஒவ்வொரு திருப்பத்துலயும் ரெண்டு தட்டு தட்டுவேன். ரெண்டு தட்டுன்னா நான் நல்லா இருக்கேன், நீ போன்னு அர்த்தம். தட்டே வரலைன்னா ஓரம் கட்டு. ஒரே ஒரு தட்டுன்னா எங்க இருந்தாலும் நிறுத்திடு."

"டிரைவர் கண்டக்டர் ஆயிட்டீங்க."

"சம்பளம் குறையாம இருந்தா சரிதான்" என்று சிரித்தார். போன பல்லின் இடைவெளி தெரிந்தது. கோபித்த மனிதர் சிரித்ததே போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஏறி உட்கார்ந்தார். திண்டில் சாய்ந்தார், அது மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நடுரோட்டில், நாலு பேர் பார்க்க, பெண்டாட்டி தோளில் கை வைத்தார். இரண்டு தட்டு விழுந்தது. வண்டி கிளம்பியது.

கடைத்தெருத் திருப்பத்தில் இரண்டு தட்டு. பள்ளிக்கூடத் திருப்பத்தில் இரண்டு தட்டு. பாலம் ஏறும்போது, திருப்பமே இல்லாத இடத்தில், சும்மா ஒரு இரண்டு தட்டு. தராசுக்காரி கண்ணாடியை விட்டுவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். தோள் தளர்ந்தது. காற்று முகத்தில் படுவதுகூட அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பாலம் இறங்கினால் நேர் ரோடு. ரோட்டின் கோடியில் டிப்போ கேட் தெரிந்தது. வரிசையாக பஸ்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

ஒரு தட்டு விழுந்தது.

இன்னொன்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இண்டிகேட்டர்கூடப் போடாமல் ஓரம் கட்டினாள்.

அவர் தானாகவே இறங்கினார். தள்ளாடி நடந்து நடைபாதையில் உட்கார்ந்து, ஒருக்களித்துப் படுத்தார். இடது கை விரல்கள் தானாகத் துடித்துக்கொண்டிருந்தன. அவள் ஓடிப்போய் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பால் கருகுற வாசனை" என்றார். "உனக்கு வருதா?"

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். புகையும் தூசியும் டீசலும்தான். "இல்லையேங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. மெல்ல மெல்ல விரல்கள் அடங்கின. முழு வலிப்பு வரவில்லை. அவர் கண்ணைத் திறந்து, "போயிடுச்சு" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வேறொன்று வந்தது. சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "பால் வச்சிருக்கியா?" என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. "இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கழுவுகிற பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் சாயங்காலம் கேட்டார். போன வாரம்கூடக் கேட்டார். "உங்களுக்கு மூக்குல ஏதோ கோளாறு" என்று கேலி செய்தாள். அப்போதெல்லாம் அவர் திரும்பிப் போய் எங்கே உட்கார்ந்தார், எப்படி உட்கார்ந்தார் என்று ஒரு தடவைகூட அவள் போய்ப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இதுதானா?" என்று கேட்டாள்.

"ஆமா, வலிப்புக்கு முன்னால இந்த வாசனை வரும். கொஞ்ச நேரத்துல போயிடும். முழு வலிப்பு வரல. அதான் சொல்லல."

"டாக்டர்கிட்ட?"

"சொன்னா வேலை போச்சு. ஒண்ணுமே வரலைன்னு சொல்லிடலாம்னுதான் இன்னைக்குக் கிளம்பினேன்."

"அப்புறம் ஏன் தட்டினீங்க? நேர் ரோடு. கேட்டு கண்ணுக்குத் தெரியுது. வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"வலிப்பு வந்திருந்தா உன்னையும் இழுத்துக்கிட்டு விழுந்திருப்பேனே" என்றார்.

அவள் எழுந்து, அவரை எழுப்பி, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள்.

"நான் உங்ககூட உள்ள வருவேன். டாக்டர் என்னையக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அந்த நாற்காலி வேணும்னா என்னைய வெளியவே நிறுத்திட்டுப் போங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். சத்தியமா."

அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் இன்ஜினைப் போட்டாள். தோளில் அவர் கை வந்து அமர்ந்தது. டிப்போ வாட்ச்மேன் இவர்களை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு பக்கக் கேட்டைத் திறந்துவிட்டு, வாங்க வாங்க என்று தூரத்திலிருந்தே கை காட்டினார்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அவர் கண் திறந்துதான் இருந்தது. நல்ல நினைவோடுதான் இருந்தார். கை மட்டும் அசையவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவளையும் சேர்த்து உள்ளே போகலாம் என்கிற அந்த இரண்டு தட்டுக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.